பொதுநலத்தின் விலையை யார் கொடுப்பது?

அடக்கப்பட்ட மக்களின் நடுவிலிருந்து எழுந்த ஒருவர் ஆட்சிப் பொறுப்பை ஏற்கும்போது, அவரைத் தெரிந்தெடுத்த மக்கள் அவரிடம் ஒன்றை உறுதியாக எதிர்பார்க்கின்றனர். துன்பம் இன்னதென்று தம் உடம்பால் அறிந்தவர் பிறருக்கு அத்துன்பத்தை இழைக்கமாட்டார் என்பதே அந்த எதிர்பார்ப்பு. இயல்பான எதிர்பார்ப்புத்தான். ஆனால் வரலாறு அதனைப் பலமுறை பொய்யாக்கியிருக்கின்றது. அவ்வாறு பொய்யாகும்போது நாம் வழக்கமாக இரண்டு விடைகளுள் ஒன்றைச் சொல்லி அமைதி அடைகின்றோம். பதவி எவரையும் கெடுக்கும் என்பது ஒன்று. சூழ்நிலை அவரை அவ்வாறு செய்யவைத்தது என்பது மற்றொன்று. முதலாவது விடை அரசியலையே வெறுத்து ஒதுங்குவோருக்கு வசதியானது. இரண்டாவது விடை தலைவரை வழிபடுவோருக்கு வசதியானது. இரண்டுமே மேற்கொண்டு சிந்திக்கும் கடமையிலிருந்து நம்மை விடுவித்துவிடுகின்றன.

இவ்வினாவை ஒரு மனிதரின் வாழ்க்கையை வைத்து ஆராய விரும்புகின்றோம். அமெரிக்க ஐக்கிய நாடுகளில், மிச்சிகன் மாநிலச் சட்டமன்றத்தில் செனற்றராக இருந்து, பின்னர் டெற்றோயிற் நகரத்தின் மேயராக 20 ஆண்டுகள் ஆண்ட கோல்மன் யங் என்பவரே அவர். மேயரை நகரபிதா என்று வழங்குவது நம்மிடையே நெடுநாள் வழக்கு. நகரத்தின் தலைவனைத் தந்தை என்று கூறும் அச்சொல் மரியாதையோடு ஒரு பொறுப்பையும் சேர்த்தே உணர்த்துகின்றது. தன் பிள்ளைகளுள் ஒன்றின் கையிலிருந்து உணவைப் பறித்து ஏனையவற்றுக்கு ஊட்டவேண்டிய நிலை வந்தால் தந்தை என் செய்வான்? யங்கின் வாழ்வில் இவ்வினா வெறும் உவமையாக நிற்கவில்லை. 1981 இல் அது நடைமுறையாகவே அவர் முன்னே வந்து நின்றது.

*

யங் 1918 இல் அலபாமா மாநிலத்தில் பிறந்தார். 1923 இல் அவர் குடும்பம் டெற்றோயிற்றுக்குக் குடிபெயர்ந்தது. தெற்கு மாநிலங்களின் நிறவெறிக் கொடுமைக்கு அஞ்சியும், மோட்டார் ஆலைகளில் கிடைத்த கூலியை நாடியும், கறுப்பின மக்கள் இலட்சக்கணக்கில் வடக்கு நோக்கிச் சென்ற காலம் அது. சென்றவர்கள் விரும்பிய இடத்தில் குடியிருக்க முடியவில்லை. 'பிளக் பொற்றம்' எனப்பட்ட நெருக்கமான பகுதியிலேயே பெரும்பாலோர் ஒதுக்கி வைக்கப்பட்டனர். பழைய பிரெஞ்சுக் குடியேறிகள் அங்கிருந்த கரிய வளமண்ணைக் கண்டு இட்ட பெயர் அது. பின்னர் அங்கு வாழ்ந்த மக்களின் நிறத்துக்கும் அது பொருந்திவிட்டது. அங்கே துணி தைத்தும் வெளுத்தும் கொடுக்கும் ஒரு கடையை நடத்தியவரின் மகனாக யங் வளர்ந்தார்.

அவருடைய இளமை முழுவதும் எதிர்த்து நின்ற வரலாறே. ஃபோர்ட் ஆலையில் தொழிலாளியாக இருந்தபோதே தொழிற்சங்கப் பணியில் ஈடுபட்டார். இரண்டாம் உலகப் போரில் விமானப்படையில் அதிகாரியானார். 1945 ஏப்ரில் மாதத்தில், இந்தியானா மாநிலத்தின் ஃபிறீமன் விமானத்தளத்தில், வெள்ளை அதிகாரிகளுக்கென ஒதுக்கப்பட்ட மன்றத்துக்குள் கறுப்பின அதிகாரிகள் நுழைந்து கைதாயினர். அவ்வாறு கைதானோருள் யங்கும் ஒருவர். 1951 இல் தோன்றிய தேசிய நீக்ரோ தொழிலாளர் மன்றத்தின் செயலாளராக அவர் பணியாற்றினார். 1952 இல், கம்யூனிச வேட்டையில் ஈடுபட்டிருந்த பாராளுமன்றக் குழு டெற்றோயிற்றுக்கு வந்து அவரை விசாரித்தது. குழுவின் சட்டத்தரணி 'நீக்ரோ' என்னும் சொல்லை இழிவு தொனிக்கச் சிதைத்து உச்சரித்தபோது, முதலில் அச்சொல்லைச் சரியாகச் சொல்லுமாறு யங் அவரைத் திருத்தினார். தம் தோழர் எவரையும் காட்டிக்கொடுக்க மறுத்தார். அந்த விசாரணையின் ஒலிப்பதிவு இசைத்தட்டாகவே கறுப்பின மக்களிடையே பரவியது. அரசின் நெருக்குதலால் 1956 இல் அம்மன்றம் கலைக்கப்பட்டது. ஆண்டுக்கணக்கில் நிலையான தொழில் இன்றி அவர் அலைய நேர்ந்தது.

இத்தகைய ஒருவர் 1964 இல் மாநில செனற்றுக்குத் தெரிவானார். மாநிலத் தலைநகரான லான்சிங்கில் 1973 வரை அவர் பணியாற்றினார். வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் நிறபேதம் காட்டுவதைத் தடுக்கும் சட்டத்துக்காக உழைத்தார். டெற்றோயிற்றுப் பாடசாலைகளின் நிர்வாகத்தை அவ்வப் பகுதி மக்களிடம் பகிர்ந்தளிக்கும் 1969ஆம் ஆண்டுச் சட்டமூலம் அவர் கொண்டுவந்ததே. 1973 இல் நடந்த மேயர் தேர்தலில், நகரப் பொலிஸ் தலைவராக இருந்த ஜோன் நிக்கல்ஸ் என்பவரைக் குறுகிய வித்தியாசத்தில் வென்று, அந்நகரத்தின் முதற் கறுப்பின மேயரானார்.

*

சட்டமன்ற உறுப்பினர் மேயராவதைப் பலர் வெறும் பதவி மாற்றமாகவே காண்பர். ஆயின் அறநோக்கில் இரண்டும் வெவ்வேறு நிலைகள். சட்டமன்ற உறுப்பினர் பொதுமைச் சொற்களால் தொழில் புரிகின்றார். 'எவரும்', 'எந்த வீடும்', 'எந்த ஊழியரும்' என்பவையே அவருடைய சொற்கள். அவர் வாக்களிக்கும் சட்டத்தில் தெருவின் பெயர் இராது, கதவிலக்கம் இராது. அவர் வாக்கு பல வாக்குகளுள் ஒன்று. தம் விருப்பம் தோற்கினும் மனச்சாட்சி வென்றதென அவர் வீடு திரும்பலாம். மேயருக்கு அந்த வசதி இல்லை. குப்பை அள்ளப்படுமா, எந்தத் தீயணைப்பு நிலையம் மூடப்படும், எந்தத் தெரு இடிக்கப்படும் என்பவற்றுக்கு அவரே கையொப்பம் இடவேண்டும். பொதுமைச் சொல் பெயர் பெறும் இடம் நகரமண்டபம்.

இவ்வேறுபாடு யங்கின் சிறப்பையும் வெளிப்படுத்தியது. டெற்றோயிற் பொலிஸார் 1971 இல் 'ஸ்ட்ரெஸ்' என்னும் ஒரு மாறுவேடப் பிரிவை அமைத்திருந்தனர். கொள்ளையரைப் பொறிவைத்துப் பிடிப்பதற்கென அமைந்த அப்பிரிவு குறுகிய காலத்தில் இருபதுக்கு மேற்பட்டோரைச் சுட்டுக் கொன்றது. இறந்தோருட் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். 1967 இல் 43 உயிர்களைப் பலிகொண்ட பெருங் கலவரத்தை ஏற்கெனவே கண்ட நகரம் அது. யங் பதவியேற்ற 1974 இலேயே அப்பிரிவைக் கலைத்தார். அப்போது பொலிஸ் படையில் கறுப்பினத்தவர் ஐந்திலொரு பங்கினும் குறைவு. அவர் 1994 சனவரியில் பதவி துறந்தபோது பாதிக்கு மேல். செனற்றில் பத்துச் சட்டமூலங்கள் கொணர்ந்தும் செய்ய முடியாததை நகரமண்டபத்திலிருந்து அவர் செய்தார் என்பதை நாம் மறைத்தல் ஆகாது. அவரைப் பற்றிய எந்தத் தீர்ப்பும் இந்த நன்மையைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பின்னரே கூறப்படவேண்டும்.

ஆனால் அவர் கையேற்ற நகரம் எத்தகையது? 1950 இல் டெற்றோயிற்றின் சனத்தொகை 18 இலட்சத்து 50 ஆயிரம். 1970 இல் அது 15 இலட்சமாகக் குறைந்துவிட்டது. 1980 இல் 12 இலட்சம். 1990 இல் 10 இலட்சத்துக்குச் சற்று மேல். ஆலைகள் நகர எல்லைக்கு வெளியே காணி மலிந்த இடங்களுக்குச் சென்றன. புதிய நெடுஞ்சாலைகளும் அரசு உத்தரவாதம் பெற்ற வீட்டுக் கடன்களும் வெள்ளையரைப் புறநகர்களுக்கு இட்டுச் சென்றன. அக்கடன்களும் அவ்வீடுகளும் கறுப்பினத்தவருக்கு நெடுங்காலம் மறுக்கப்பட்டிருந்தன. பணமும் வரியும் எல்லைக்கு அப்பால் சென்றன. வறுமை எல்லைக்குள் எஞ்சியது. 1974 இல் 'மிலிக்கன் எதிர் பிராட்லி' வழக்கில் நாட்டின் உயர் நீதிமன்றம், நகரப் பாடசாலைகளின் நிறப்பிரிவினையைத் தீர்ப்பதற்காகப் புறநகர்ப் பாடசாலைகளைக் கட்டாயமாக இணைக்க முடியாதெனத் தீர்த்தது. நகர எல்லை இவ்வாறு நீதியின் எல்லையும் ஆயிற்று. அந்த எல்லைக்குள் நின்றே யங் ஆளவேண்டியிருந்தது.

1979 இல் கிறைஸ்லர் கம்பனி முறிவின் விளிம்பில் நின்று மத்திய அரசின் கடன் உத்தரவாதத்தால் பிழைத்தது. அதன் புகழ்பெற்ற டொட்ஜ் மெயின் ஆலை 1980 சனவரியில் மூடப்பட்டது. 1981 இல் நகரத்தின் பணப்பெட்டி வெறுமையாகி, ஊழியரின் சம்பள உயர்வு நிறுத்தப்பட்டது. நகரவாசிகள் தம் வருமான வரியை 2 வீதத்திலிருந்து 3 வீதமாக உயர்த்த வாக்களித்தனர். இத்தகைய நேரத்திலேதான் ஜெனரல் மோட்டோர்ஸ் கம்பனியின் கோரிக்கை வந்தது.

*

கோரிக்கை எளிமையானது. கம்பனி தன் பழைய காடிலாக் ஆலைகளை மூட எண்ணியிருந்தது. நகரத்துக்குள் ஏறத்தாழ 500 ஏக்கர் காணி, புகையிரதப் பாதைக்கும் நெடுஞ்சாலைக்கும் அருகில், குறித்த காலத்துக்குள் துப்புரவாக்கித் தரப்படின் அங்கே புதிய ஆலையை நிறுவும். ஏறத்தாழ 6,000 பேருக்கு வேலை இருக்கும். இல்லையேல் வேறிடம் செல்லும்.

தெரிந்தெடுக்கப்பட்ட இடம், மூடப்பட்ட டொட்ஜ் மெயின் ஆலையின் நிலமும் அதனை அடுத்த 'போல்ரவுன்' குடியிருப்பும். போலந்திலிருந்து வந்த தொழிலாளர் அந்த ஆலையை நம்பிக் கட்டிய வீடுகள் அவை. 1980 அளவில் அங்கே போலந்து வழிவந்த முதியோரும், கறுப்பினத்தவரும், பிற நாடுகளிலிருந்து வந்தோரும் கலந்து வாழ்ந்தனர். ஏறத்தாழ 4,200 பேர், ஆயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள், நூற்றுக்கு மேற்பட்ட கடைகளும் தொழிலகங்களும், பல தேவாலயங்கள், ஒரு வைத்தியசாலை.

நட்டஈட்டுத் தொகை பற்றிய வழக்கு முடிவதற்கு முன்னரே காணியின் உரிமையை எடுத்துக்கொள்ள இடமளிக்கும் ஒரு சட்டத்தை மாநிலச் சட்டமன்றம் 1980 இல் இயற்றியது. அச்சட்டத்தில் எந்தத் தெருவின் பெயரும் இல்லை. மேயரின் கையில் அது போல்ரவுன் என்னும் பெயரைப் பெற்றது.

மக்களுட் பலர் பணத்தைப் பெற்று அகன்றனர். அவர்களுட் சிலர் கிடைத்த தொகையில் மனநிறைவு கொண்டதும் உண்மை. ஒரு பகுதியினர் மறுத்தனர். வழக்கு மாநில உயர் நீதிமன்றம் வரை சென்றது. மிச்சிகன் அரசமைப்பு, தனியார் காணியைப் 'பொதுப் பயன்பாட்டுக்காக' எடுக்கலாம் என்கின்றது. வீதி, பாடசாலை, துறைமுகம் என்பன பொதுப் பயன்பாடு என்பதில் ஐயமில்லை. ஒரு தனியார் கம்பனியின் ஆலை பொதுப் பயன்பாடாகுமா? 1981 மார்ச் 13 அன்று நீதியரசர் ஐவர் ஆகும் என்றனர். இருவர் ஆகாது என்றனர். பொதுப் 'பயன்பாடு' என்பதும் பொது 'நோக்கம்' என்பதும் ஒன்றே எனவும், வேலையின்மையைப் போக்குவது பொது நோக்கம் எனவும், கம்பனி பெறும் இலாபம் தற்செயலானது எனவும் பெரும்பான்மைத் தீர்ப்பு கூறியது. மொழி பயின்றோர் இதனைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். பயன்பாடு என்பது கண்ணாற் காணத்தக்கது; அந்த வீதியில் நானும் நடக்கலாம், நீங்களும் நடக்கலாம். நோக்கமோ சொல்வோரின் வாயில் இருப்பது. முன்னதன் இடத்தில் பின்னதை வைத்த அந்நொடியிலேயே 4,200 பேரின் வழக்குத் தோற்றுவிட்டது.

எதிர்த்தோருக்குத் துணைநின்றோர் சிலரே. மோட்டார்த் தொழிலாளர் சங்கம் திட்டத்தை ஆதரித்தது. கத்தோலிக்க மறைமாவட்டம் தன் தேவாலயங்களை விற்றது. அமலோற்பவ அன்னை தேவாலயத்தின் பங்குத்தந்தை மட்டும் தம் மக்களின் பக்கம் நின்றார். மக்கள் ஏறத்தாழ ஒரு மாதம் அத்தேவாலயத்துக்குள்ளேயே தங்கி மறியல் செய்தனர். 1981 யூலை 14 அன்று பொலிஸார் உள்ளே நுழைந்து அவர்களை அகற்றினர். அகற்றப்பட்டோருள் முதிய பெண்களும் இருந்தனர். சில நாட்களில் தேவாலயம் தரைமட்டமாயிற்று. மக்களை மதிக்கும் படையாக்குவேன் என்று யங் வாக்களித்துச் சீர்திருத்திய பொலிஸ் படையே அதனைச் செய்தது.

*

யங்கின் பக்கத்து வாதங்களை நேர்மையாக எடுத்துரைப்போம். அவை வலுவற்றவை அல்ல.

முதலாவது, எண்ணிக்கை வாதம். நகரம் முழுவதும் வேலையின்றி வாடும்போது 4,200 பேரின் இருப்பிடம் பெரிதா, 6,000 குடும்பங்களின் உணவு பெரிதா? இரண்டாவது, ஈட்டு வாதம். எவரும் வெறுங்கையோடு துரத்தப்படவில்லை. வீட்டுக்கு விலை கொடுக்கப்பட்டது. மூன்றாவது, வேறு வழியின்மை வாதம். கம்பனியைத் தடுத்து நிறுத்தும் அதிகாரம் எந்த மேயருக்கும் இல்லை. இந்நகரம் மறுத்தால் மற்றொரு நகரம் தாம்பாளத்தில் வைத்துக் கொடுக்கும்.

எண்ணிக்கை வாதத்தை முதலில் எடுப்போம். ஒப்பிடப்படும் இரண்டும் ஒரே தன்மையன அல்ல. இழப்பு உறுதியானது, அது இன்றே நிகழ்வது, பெயரும் முகவரியும் உடையது. ஆதாயமோ ஒரு வாக்குறுதி. அவ்வாக்குறுதிக்குக் கம்பனியைக் கட்டிவைக்கும் நிபந்தனை இருந்ததா? அதன்மேல் பொதுமக்களுக்கு எந்தப் பிடியும் இல்லை என்பதையே மறுதலித்த நீதியரசர்களுள் ஒருவரான ரையன் சுட்டிக்காட்டினார். புதிய ஆலை 1985 இல் இயங்கத் தொடங்கியது. இயந்திர மனிதர்கள் நிறைந்த அந்த ஆலையில் வேலையாட்களின் தொகை வாக்களித்த 6,000 ஐ எட்டவில்லை. 1987 இல் நகரத்தின் பழைய காடிலாக் ஆலையும் அதற்கு உடற்கூடு செய்த ஃபிளீட்வூட் ஆலையும் மூடப்பட்டன. ஒரு தட்டில் உறுதியான இழப்பையும் மற்றத் தட்டில் உறுதியற்ற ஆதாயத்தையும் வைத்துவிட்டு, எண்கள் பெரியவை என்பதால் மட்டும் தராசு தாழும் என்பது கணக்காகாது.

ஈட்டு வாதத்தை அடுத்து நோக்குவோம். வீட்டுக்கு விலை உண்டு. அயலுக்கு விலை இல்லை. எழுபது வயது மூதாட்டி ஒருத்திக்கு, நடந்து செல்லும் தூரத்தில் தன் மொழி பேசும் ரொட்டிக்கடையும், தன் கணவனை அடக்கம்செய்த தேவாலயமும், கதவைத் தட்டி நலம் கேட்கும் அயலவளும் சேர்ந்தே வீடாகின்றன. சந்தை இவற்றுட் சுவரையும் கூரையையும் மட்டுமே விலைபேசும். மேலும், விற்க விரும்பாதவனிடம் பெறுவதை விலை என்று சொல்வது அச்சொல்லைப் பழுதாக்குவதாகும். இக்காணிக்காகப் பொதுப்பணத்தில் 20 கோடி டொலருக்கு மேற் செலவாயிற்று. கம்பனி அதனைப் பெற்றதோ சுமார் 80 இலட்சம் டொலருக்கு. போதாக்குறைக்கு வரிச்சலுகையும் பெற்றது. முழு விலை கொடாமல் பெறும் உரிமை கம்பனிக்கு மட்டுமே வாய்த்தது.

மூன்றாவது வாதமே கடினமானது. உண்மையாகவே யங்குக்கு வேறு வழி இருந்ததா? வாகனத் தரிப்பிடத்தைத் தரைமீது பரப்பாமல் அடுக்குமாடியாகக் கட்டினால் குடியிருப்பின் ஒரு பகுதியைக் காக்கலாம் என்ற யோசனை முன்வைக்கப்பட்டது. கம்பனியின் திட்டத்தில் அதற்கு இடமிருக்கவில்லை. ஒரு தனி நகரம் மாபெரும் மூலதனத்தோடு பேரம் பேசும்போது, பேரம் என்ற சொல்லே பொருந்தாது. மூலதனத்துக்குக் கால் உண்டு. நகரத்துக்குக் கால் இல்லை. உள்ளூர் மேயரின் கறுப்புக் கரத்தால் கையொப்பமிடப்பட்டமையால் மட்டும் அந்த ஆணை மேயருடையது ஆகிவிடாது. அதனை எழுதிய கை வேறு. இதனைக் காணாமல் யங் ஒருவரையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவோர், எய்தவனை விட்டு அம்பை நோகின்றனர்.

*

ஆயினும் மனிதன் அம்பு அல்லன். இங்கேதான் அறத்தின் வினா தொடங்குகின்றது.

யங் வளர்ந்த பகுதி எனக் குறிப்பிட்ட பிளக் பொற்றம் இன்று இல்லை. 1950களில் 'நகரப் புதுக்கம்' என்னும் பெயரால் அது இடித்துத் தள்ளப்பட்டது. கறுப்பின மக்களின் கடைகளும் இசையரங்குகளும் நிறைந்திருந்த ஹேஸ்ரிங்ஸ் வீதியின் மேல் நெடுஞ்சாலை சென்றது. அகற்றப்பட்டோர் எங்கே செல்வர் என்று எவரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. அன்று சொல்லப்பட்ட காரணமும் பொதுநலந்தான். நகரம் முன்னேறவேண்டும் என்பதுதான். அந்த இடிபாட்டைக் கண்டவர் யங். முப்பது ஆண்டுகள் செல்லுமுன் அவரே மற்றொரு குடியிருப்பை இடிக்கும் ஆணைக்குப் பொறுப்பானார்.

பட்ட துன்பத்திலிருந்து மனிதன் இரண்டு பாடங்களைக் கற்கலாம். 'இது எவருக்கும் நேரக்கூடாது' என்பது ஒரு பாடம். 'இஃது எம்மவருக்கு நேரக்கூடாது' என்பது மற்றொன்று. இரண்டாவது பாடத்தைக் கற்றவனைத் தீயவன் என்று எளிதில் தள்ளிவிட முடியாது. தன் மக்களைக் காக்கும் துடிப்பு அதில் உண்டு. யங்கின் நகரத்தில் வேலையற்றோருட் பெரும்பகுதியினர் கறுப்பினத்தவர். அவர்களுக்கு உணவு தேடித் தரவே அவர் விரைந்தார். எனினும் போல்ரவுனில் இடிபட்ட வீடுகளுள் கறுப்பினத்தவரின் வீடுகளும் இருந்தன. வறியோருள் ஒரு பகுதியை மற்றொரு பகுதிக்கு எதிராக நிறுத்தும் கணக்கை ஏற்றுக்கொண்ட பின்னர், 'எம்மவர்' யார் என்ற கோடும் மேயரின் கையில் நிலைப்பதில்லை. அக்கோட்டை வரைவது கம்பனியின் வரைபடமே.

நமது முடிவு இதுதான். கட்டாயத்தின் பேரில் ஒருவன் ஒரு தீமையைச் செய்ய நேரலாம். இரண்டு தீமைகளுட் சிறியதை அவன் தேர்ந்தான் என்பதையும் நாம் ஏற்கலாம். ஆனால் கட்டாயம் செயலை மன்னிக்குமே அன்றி, அச்செயலால் விளைந்த கடனை அழித்துவிடாது. பஞ்சகாலத்தில் அயலவன் வீட்டு நெல்லை எடுத்து ஊரைக் காப்பாற்றியவன் கள்வன் அல்லன் எனலாம். ஆயினும் அவன் கடனாளி. அக்கடனை ஒப்புக்கொள்வதும் ஒப்புக்கொள்ளாததுமே நேர்மையுள்ள ஆட்சியாளனையும் ஏனையோனையும் பிரிக்கின்றது. போல்ரவுனில் நிகழ்ந்த பெரும் பிழை, ஒரு குடியிருப்பு இழக்கப்பட்டது என்பதோடு முடியவில்லை. அவ்விழப்பு நகரம் முழுவதன் பெயரிலும் எழுதப்பட்ட கடனாகக் கருதப்படவில்லை. தீர்க்கப்பட்ட கணக்காகவே கருதப்பட்டது. எதிர்த்தோர் கடன் கொடுத்தோராக நோக்கப்படாமல், நகரத்தின் வாழ்வுக்குத் தடையாக நிற்போராகவே நோக்கப்பட்டனர்.

கடன் என்று கருதியிருப்பின் சில காரியங்கள் செய்யப்பட்டிருக்கும். வாக்களித்த வேலைகள் கிட்டாவிடின் கம்பனி எதைத் திருப்பித் தரும் என்பது எழுத்தில் கேட்கப்பட்டிருக்கும். கம்பனி மறுத்திருப்பின், அம்மறுப்பாவது மக்களுக்கு அறிவிக்கப்பட்டிருக்கும். அயலவர் சிதறாமல் ஒருங்கே குடியேற இடம் தேடப்பட்டிருக்கும். எவருடைய நன்மைக்காக வீடுகள் இடிக்கப்பட்டனவோ அந்த நகரமும் மாநிலமும் அவர்களின் இழப்பை ஆண்டுதோறும் பகிர்ந்து சுமந்திருக்கும். இவை எதுவும் மூலதனத்தின் வல்லமையை முறியடித்திரா. ஆனால் அவ்வல்லமைக்கு முன்னால் நகரம் தலைகுனிந்தபோதும், தன் மக்களுட் சிலரைப் பணயம் வைத்தோம் என்ற உண்மையை மறவாதிருந்திருக்கும். தலைவனின் கடமை வெற்றியளவில் முடிவதன்று. தோல்வியைத் தோல்வியென்று பெயரிட்டு மக்களுக்கு அறிவிப்பதும் அவன் கடமையே. 1952 இல் ஒரு சொல்லைச் சரியாக உச்சரிக்குமாறு அதிகாரத்தைத் திருத்திய மனிதரிடம் இதை எதிர்பார்ப்பது மிகையன்று.

2004 இல் மிச்சிகன் உயர் நீதிமன்றம் மற்றொரு வழக்கில் தன் 1981ஆம் ஆண்டுத் தீர்ப்பைத் தானே தள்ளுபடி செய்தது. தனியார் கம்பனியின் கைக்கு மாறுவதற்காக, பொருளாதார வளர்ச்சி என்ற ஒரே காரணத்தைக் கொண்டு, ஒருவரின் காணியை எடுக்கலாகாது என்றது. யங் 1997 இலேயே காலமாகிவிட்டார். போல்ரவுன் வாசிகளுட் பலரும் அதற்கு முன்னரே மறைந்திருந்தனர். திருத்தப்பட்ட சட்டம் பிற்காலத்தவரைக் காக்கும். இடிபட்ட தேவாலயத்தை எழுப்பாது. நகரமும் காப்பாற்றப்படவில்லை, 2013 இல் டெற்றோயிற் நகராட்சி வங்குரோத்து நிலையை அறிவித்தது. 2018 இல் கம்பனி அந்த ஆலைக்குப் புதிய வேலை ஒதுக்கப்போவதில்லை என்று கூறியது. பின்னர் மனம் மாறி அதனை மின்வாகன ஆலையாக மாற்றியது. ஆலையின் வாழ்வும் சாவும் இன்றும் நகரமண்டபத்தில் தீர்மானிக்கப்படுவதில்லை.

அந்த ஆலையின் வளவுக்குள்ளே யூதர்களின் பழைய மயானம் ஒன்று இருக்கின்றது. 'பெத் ஓலம்' என்பது அதன் பெயர். கல்லறைகளை அகற்றாமல் சுற்றிவர ஆலையைக் கட்டினர். ஆண்டுக்கு இருமுறை மட்டும் அதன் வாயில் திறக்கப்படுகின்றது. உறவினர் சென்று வணங்கி மீள்கின்றனர். இறந்தோரின் இடத்தை விட்டுக்கொடுத்து ஆலையை வரைய முடிந்தது. உயிரோடிருந்தோரின் இடத்துக்கு அவ்வாறு ஒரு கோட்டைச் சற்றே வளைத்து வரைய முடியவில்லை.

பொதுநலம் என்னும் சொல்லை நாம் கைவிட முடியாது. அச்சொல் இன்றி எந்த முற்போக்கான ஆட்சியும் இல்லை. பாடசாலையும் வைத்தியசாலையும் வீதியும் அச்சொல்லின் பெயரால் எழுந்தவையே. ஆகவே அதனை இழிவுபடுத்தும் தனிச்சொத்து வெறியரோடு நமக்கு உடன்பாடு இல்லை. ஆனால் எந்த மேடையிலிருந்து அச்சொல் ஒலித்தாலும், யார் வாயிலிருந்து ஒலித்தாலும், நம்மவரே ஆனாலும், ஒரு வினாவை நாம் எழுப்பியே தீரவேண்டும். அதன் விலையை இம்முறை கொடுப்பவர் யார், அவரிடம் கேட்டீர்களா, அக்கடனை எப்போது அடைக்கப்போகின்றீர்கள்? இவ்வினாவுக்கு முகங்கொடுக்கும் தலைவனையே மக்கள் நகரபிதா என்று அழைக்கலாம்.